மாத்திரை அட்டையிலிருந்து தொடங்குங்கள்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கோப்பில் சேர்க்காமல் மேசைமேலேயே வைத்திருந்தேன். எழுதியவர் நம் நெடுநாள் வாசகி ஒருவரின் மகள். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு மருந்துக்கடை நிறுவனத்தில் செயலி வடிவமைக்கும் குழுவில் இருக்கிறார். இப்போதிருக்கும் கைப்பேசிச் செயலியை அடியோடு மாற்றப் போகிறார்களாம். "உங்கள் வாசகர்களில் வயதானவர்களும் மலைக் கிராமங்களில் இருப்பவர்களும் அதிகம் என்று அம்மா சொல்வார். மருந்து வாங்கும் செயலியில் அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

இதைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதற்கு முதலில் என் நன்றி. பதிலைத் தபாலில் அனுப்பாமல் இந்தப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம், இது ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயம் இல்லை என்பதுதான். 1987-இல் தொடங்கிய அப்போலோ மருந்தகம் இன்று நாடெங்கும் 6,000-க்கு மேற்பட்ட கடைகளை வைத்திருக்கிறது. அந்தக் குழுமம் 2020-இல் தன் செயலியையும் கொண்டுவந்துவிட்டது. 1914 முதல் மருந்து வணிகத்தில் இருக்கும் தாதா குடும்பத்திலிருந்து பிறந்த நெட்மெட்ஸும் சென்னையில் முளைத்ததுதான். 2020 ஆகஸ்டில் ரிலையன்ஸ் அதன் தாய் நிறுவனத்தில் 60 சதவீதப் பங்கை ஏறத்தாழ 620 கோடி ரூபாய்க்கு வாங்கியது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களுக்கு 'ஜன் ஔஷதி சுகம்' என்றொரு செயலி 2019-இல் வந்தது. மாதம் தவறாமல் மாத்திரை வாங்கும் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு இந்தச் செயலிகளில் ஏதோ ஒன்றுதான் இப்போது மருந்துக்கடை.

இந்தப் பக்கத்தை அட்டுவம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். கொடைக்கானல் வருகிறவர்கள் ஏரியையும் கோக்கர்ஸ் வாக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்; 1984-இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்று சொன்னால் சிலருக்கு அட்டுவம்பட்டி நினைவுக்கு வரும். என் பெரியம்மா இங்கேதான் இருக்கிறார். கேரட்டும் பீன்ஸும் மலைப்பூண்டும் கீழே போகும் பாதையில்தான் மருந்து மேலே வருகிறது. வத்தலக்குண்டு வழியாக வந்தாலும் பழனி வழியாக வந்தாலும் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்துதான் வரவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், பாதை அடைபட்டுவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து, மண் சரிந்து, போக்குவரத்து நின்று போனதை இங்குள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்கள். கோடை விடுமுறையில் மழையே இல்லாமல் சுற்றுலா வண்டிகளின் நெரிசலிலேயே பாதை திணறும்.

அதனால் கடிதம் எழுதிய பெண்ணின் குழுவுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் விஷயம் நிறத்தைப் பற்றியோ பொத்தானைப் பற்றியோ இல்லை. மருந்துச் செயலியைத் திறக்கிறவர்களில் பெரும்பாலோர் கடைவீதி சுற்றிப் பார்க்க வரவில்லை. எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனையோடும் வரவில்லை. போன மாதம் சாப்பிட்ட அதே மருந்து, அதே அளவில், அது தீர்ந்து போவதற்குள், பிழையில்லாமல் வீட்டுக்கு வந்து சேரவேண்டும். அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது. புடவையும் கைப்பேசியும் விற்கும் செயலியின் அச்சை அப்படியே எடுத்து அதில் மருந்தை நிரப்பியதால்தான் இத்தனை தடுமாற்றமும். புடவை நான்கு நாள் தாமதமானால் மனம் சலித்துக்கொள்ளும், அதோடு சரி. வலிப்பு மாத்திரை நான்கு நாள் தாமதமானால் அந்த வீட்டின் நிலைமை வேறு.

பெரியம்மாவுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. மதுரையிலிருக்கும் மகன் செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அவர் மருந்து வாங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலோரம் வெளிச்சத்துக்காக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இடது கையில் தீரப்போகும் மாத்திரை அட்டை, வலது கையில் கைப்பேசி. அட்டையின் ஓரத்தில் இரண்டே மாத்திரை மிச்சம். பெயர் அச்சிட்டிருந்த பக்கம் முழுவதும் பிய்த்துப் பிய்த்துக் கிழிந்திருந்தது. எஞ்சியிருந்த துண்டில் 'டெல்மி' வரைக்கும்தான் படிக்க முடிந்தது. அதைத் தேடும் இடத்தில் எழுத்தெழுத்தாகத் தட்டினார். திரை நிறைய மருந்து வந்து நின்றது.

டெல்மிசார்டன் என்பது இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்து. அது 20, 40, 80 மில்லிகிராம் என்று மூன்று அளவுகளில் வரும். அதோடு நீர் பிரியச் செய்யும் மருந்தைச் சேர்த்தால் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். அம்லோடிபின் சேர்த்தால் 'ஏஎம்'. சர்க்கரை மாத்திரையிலும் இதே கதைதான்: 'எம் 1', 'எம் 2', மெதுவாகக் கரைவதற்கு 'எஸ்ஆர்'. ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் பெயரின் கடைசியில்தான் இருக்கிறது. பெரியம்மாவின் திரையிலோ பெயர் நீளமாக இருந்ததால் வரி பற்றாமல், சரியாக அந்தக் கடைசி இடத்தில் வெட்டி மூன்று புள்ளி வைத்திருந்தது. பக்கத்தில் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பது மட்டும் பச்சை நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. மருந்தின் பெயர் வெளிறிய சாம்பல் நிறத்தில், தள்ளுபடியில் பாதி உயரத்துக்கு.

இந்த ஒரு காட்சியைச் சரிசெய்தாலே அந்தக் குழுவினர் பெரிய வேலை செய்தவர்களாவார்கள். பெயரை எக்காரணம் கொண்டும் வெட்டக்கூடாது. இரண்டு வரி, மூன்று வரி ஆனாலும் ஆகட்டும். அளவும் கடைசி எழுத்தும் பெயரைவிடப் பெரிதாகத் தெரியட்டும். அதற்குக் கீழே உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்ற மூலப்பெயர் வரட்டும். மாத்திரையின் படமும் அட்டையின் படமும் கையிலிருப்பதோடு ஒத்துப் பார்க்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும். தள்ளுபடி இவை எல்லாவற்றுக்கும் கீழே ஒரு மூலையில் நிற்கட்டும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்து எண்ணிக்கை. பெரியம்மா கூடையில் '1' என்று இருப்பதைக் காட்டி, "பாப்பா, ஒண்ணுன்னா ஒரு மாத்திரையா, ஒரு அட்டையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு அட்டையில் 10 இருக்கும், 14 இருக்கும், 15 இருக்கும், சிலவற்றில் 30 இருக்கும். காலையிலும் இரவிலும் ஒவ்வொன்று என்றால் மாதத்துக்கு 60. பத்து மாத்திரை அட்டை என்றால் ஆறு வாங்கவேண்டும். பதினைந்து என்றால் நான்கு. இந்தக் கணக்கைச் செயலி ஏன் போடக்கூடாது? "ஒரு நாளைக்கு எத்தனை? எத்தனை நாளைக்கு வேண்டும்?" என்று இரண்டே கேள்வி. விடையைச் சொன்னதும் "4 அட்டை, 60 மாத்திரை, 30 நாளைக்கு வரும்" என்று தெரியவேண்டும். நம் மெடிக்கல் கடைக்காரர் மனக்கணக்காகச் செய்துவிட்டுக் கத்தரியை எடுப்பார். கையில் காசு குறைவாக இருக்கும் வாரத்தில் ஐந்து நாளைக்கு மட்டும் வெட்டிக் கொடுப்பதும் அவர்தான். முழு அட்டையாகத்தான் வாங்கவேண்டும் என்று செயலி கட்டாயப்படுத்தினால், ஐந்து நாள் மருந்துக்கே தடுமாறும் வீட்டுக்கு அதன் கதவு மூடியே இருக்கும்.

பெயரைத் தட்டித் தேடும் சிரமத்தையே பெருமளவு தவிர்க்கலாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் நாட்டில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் உறைமேல் கியூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. மருந்தின் மூலப்பெயர், வணிகப் பெயர், தயாரித்தவர், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உரிம எண் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கேமராவை அதன்மேல் காட்டினால் அதே மருந்து திரைக்கு வந்துவிடவேண்டும். மற்ற மருந்துகளுக்கு அட்டையைப் படம் எடுத்தால் போதும் என்று செய்யலாம். பெரியம்மாவின் கிழிந்த அட்டைக்கு இரண்டுமே உதவாது. அவரைப் போன்றவர்களுக்கு முகப்பிலேயே, முதல் திரையிலேயே, "போன மாதம் வாங்கியவை" என்று ஒரு பெரிய கட்டம் வேண்டும். அதைத் தொட்டால் மாத்திரைகள் படத்தோடு வரிசையாக வரவேண்டும். இன்று அந்த இடத்தில் முகப்பூச்சு விளம்பரமும் புரதப் பொடி விளம்பரமும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பத்தியைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் இரண்டு வலிமையில் விற்கின்றன: மில்லிலிட்டருக்கு 40 யூனிட், மில்லிலிட்டருக்கு 100 யூனிட். ஊசிக்குழலும் அதற்கேற்ப இரண்டு வகை. பொதுவாக 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40-க்கான ஊசிக்குழலில் கோடு பார்த்து ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ அது போதும். செயலியில் குப்பி ஓரிடத்திலும் ஊசிக்குழல் வேறிடத்திலும் இருக்கின்றன. குப்பியைக் கூடையில் போட்டதும் அதற்குப் பொருந்தும் ஊசிக்குழலை மட்டும் காட்டி, பொருந்தாததைத் தொட்டால் நிறுத்தி எச்சரிப்பது செயலியால் முடிகிற காரியம். அவசரத்தில் இருக்கும் மனிதரைவிடவும் அது தவறாமல் செய்யும். மறுவடிவமைப்புக்கு நான் மதிப்பெண் போடுவதாக இருந்தால் இந்த ஒரு காரியத்துக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும், உறையவும் விடக்கூடாது. வத்தலக்குண்டு வெயிலில் தொடங்கி மார்கழிப் பனியில் வந்து இறங்கும் பெட்டிக்கு அது சின்னச் சோதனை இல்லை. பெட்டி எப்போது கிளம்பியது, உள்ளே குளிர்ப்பை இருக்கிறதா, எத்தனை மணிக்குள் வந்து சேரவேண்டும், தாமதமானால் வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பலாமா என்பதெல்லாம் திரையில் தெரியவேண்டும்.

இங்கே அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லியாகவேண்டும். டெபோரா ஆட்லர் என்பவர் நியூயார்க்கில் வடிவமைப்புக் கலை படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய பாட்டி தவறுதலாகத் தாத்தாவின் மருந்தைச் சாப்பிட்டுவிட்டார். இருவரின் குப்பியும் ஒரே மாதிரி, ஒட்டியிருந்த சீட்டும் ஒரே மாதிரி. ஆட்லர் தன் படிப்புக்கான ஆய்வாக மருந்துக் குப்பியையே எடுத்துக்கொண்டார். உருண்டைக் குப்பியில் சீட்டு வளைந்து ஓடுவதால் ஒரே பார்வையில் படிக்க முடியவில்லை என்று தட்டையான முகம் கொண்ட குப்பியைச் செய்தார். கடையின் பெயர் இருந்த இடத்தில் மருந்தின் பெயரைக் கொண்டுவந்தார். வீட்டில் ஆளுக்கொரு நிற வளையம்: சிவப்பு அம்மாவுக்கு என்றால் நீலம் அப்பாவுக்கு. டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனம் 2005-இல் இதைத் தன் மருந்தகங்கள் எல்லாவற்றிலும் கொண்டுவந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தக் குப்பியைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

அதன்பின் நடந்ததுதான் நம் கடிதக்காரப் பெண் கவனிக்கவேண்டியது. 2015-இல் டார்கெட் தன் மருந்தகங்களை சிவிஎஸ் நிறுவனத்துக்கு விற்றது. புதிய நிர்வாகம் வந்ததும் பழையபடி சாதாரண உருண்டைக் குப்பிக்குத் திரும்பினார்கள். வளையம் போனது, தட்டை முகம் போனது. மக்கள் சும்மா இருக்கவில்லை. பழைய குப்பியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பலர் காலிக் குப்பிகளைப் பத்திரப்படுத்தி அதில் மாத்திரையை மாற்றி வைத்துக்கொண்டார்கள். பிறகு அதே சிவிஎஸ் அதே ஆட்லரை அழைத்து, காலை, மதியம், மாலை, படுக்கும் நேரம் என்று ஒரு நாளின் மருந்துகளை ஒரே தாளில் காட்டும் முறையை 2017-இல் கொண்டுவந்தது. மாற்றி அமைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள், மக்கள் எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று முதலில் பார்க்கவேண்டும். பெரியம்மா செயலியில் படித்துப் போவதில்லை. கீழே இடது ஓரம், அதற்கு மேல் இரண்டாவது கட்டம் என்று விரலின் பழக்கத்தில் போகிறார். ஒரு நாள் இரவோடு இரவாகச் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டால் மறுநாள் காலை அவர் பழகிய பாதை அங்கே இருக்காது. "பழையபடி காட்டு" என்று ஒரு பொத்தானைக் குறைந்தது ஆறு மாதத்துக்காவது வைத்திருப்பது அவரைப் போன்ற ஆயிரமாயிரம் பேருக்குச் செய்யும் மரியாதை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். பயனரைத் தன்னையறியாமல் செலவழிக்க வைக்கும் திரை உத்திகளில் 13 வகையை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. நாம் கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, "இன்னும் இரண்டே மிச்சம்" என்று பொய்யாகப் பதற வைப்பது, விலையைத் துளித்துளியாகக் கடைசியில் ஏற்றுவது, சந்தாவில் சேர்த்துவிட்டு வெளியே போகும் வழியை ஒளித்து வைப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இவை எந்தக் கடையிலும் தவறுதான். மருந்துக்கடையில் செய்தால் நோயாளியின் பயத்தைக் காசாக்குவதாகும். பெரியம்மாவின் கூடையிலும் ஒரு கட்டண உறுப்பினர் திட்டம் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. நீக்கும் குறி கண்ணுக்கே படாத அளவில் இருந்தது. எழுபது வயதுக்கு மேல் ஆனவரின் நடுங்கும் விரலுக்கு அதைத் தொட எத்தனை முறை முயலவேண்டியிருந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மனது கஷ்டமாக இருந்தது.

மருந்தின் மூலப்பெயரைப் பெரிதாகக் காட்டச் சொன்னேன் அல்லவா, அதில் காசு விஷயமும் அடங்கியிருக்கிறது. மூலப்பெயர் தெரிந்தவருக்கு மக்கள் மருந்தகத்தில் கேட்டு வாங்கத் தெரியும். தமிழக அரசு 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் தொடங்கிய 1,000 முதல்வர் மருந்தகங்களிலும் விசாரிக்கத் தெரியும். தனியார் நிறுவனம் மூலப்பெயரை அப்படிக் காட்டுமா என்று சிலர் கேட்கலாம். மலிவான இடத்தை ஒளிக்காத கடைக்காரரை நம் ஊர்களில் தலைமுறை தாண்டியும் நம்புகிறார்கள் என்பதே என் பதில்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் கடையை மனதில் வைத்து எழுதப்பட்டது. இணையவழி மருந்து விற்பனைக்கான வரைவு விதிகள் 2018 ஆகஸ்டில் வந்தன. ஆண்டுகள் பல ஓடியும் இறுதி வடிவம் பெறாமல் கிடந்தன. 2018 டிசம்பரில், தமிழ்நாட்டு மருந்து வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில், விதிகள் வரும்வரை இணையத்தில் மருந்து விற்கக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. கொரோனா ஊரடங்கின்போது 2020 மார்ச்சில் வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்க மத்திய அரசு அனுமதி அளித்தது. சட்டம் தெளிவாகாத இடத்தில் வடிவமைப்பவரின் பொறுப்பு கூடுகிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆண்டிபயாட்டிக் போன்றவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாது. சீட்டைப் படமெடுத்து ஏற்றச் சொல்லும் திரையில் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு குறுக்கு வழி இருந்தால், அந்தப் பாதுகாப்பு அங்கேயே போய்விட்டது. முடியாது என்று சொல்லும் திரையையும் அக்கறையோடு எழுதலாம்: ஏன் கொடுக்கவில்லை, பக்கத்தில் அரசு மருத்துவமனை எங்கே இருக்கிறது, யாரிடம் பேசலாம் என்று.

யாரிடம் பேசலாம் என்பது பெரிய விஷயம். கடையில் சீட்டை நீட்டினால் "யாருக்கு? சாப்பிட்டுட்டுப் போடணுமா, முன்னாடியான்னு டாக்டர் சொன்னாரா? போன வாரம்தானே வாங்கிட்டுப் போனீங்க?" என்று ஒரு குரல் வரும். 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் விதிமுறைகள் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதை மருந்தாளுநரின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. செயலியிலும் நம் மருந்தைச் சரிபார்த்துக் கட்டியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரும் பதிவெண்ணும் தெரியட்டும். ஒரு தொடுதலில் அவரோடு தமிழில் பேச முடியட்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அப்படி வருகிறவர் மாத்திரையை நீட்டிவிட்டுப் போய்விடுவதில்லை. அழுத்தம் பார்க்கிறார்; போன மாத மாத்திரை ஒழுங்காகத் தீர்ந்ததா என்று விசாரிக்கிறார். மிச்சம் நிறைய இருந்தால், சாப்பிடாமல் விட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்கிறார். மாதம் பிறந்ததும் இயந்திரம் மாதிரி "மறுபடி வாங்குங்கள்" என்று தட்டியெழுப்பும் செயலி, "வீட்டில் எத்தனை மீதி இருக்கிறது?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். கொடைக்கானலின் 624101 போன்ற மலை அஞ்சல் குறியீடுகளுக்கு அந்த நினைவூட்டல் மூன்று நாளுக்கு முன் வந்தால் போதாது. பத்து, பன்னிரண்டு நாளுக்கு முன் வரவேண்டும். மழைக்காலத்தில் அதற்கும் முன்பே. வந்து சேரும் நாளும் உண்மையாக இருக்கவேண்டும். சென்னைக்குப் போடும் "நாளை கிடைக்கும்" என்ற வாக்குறுதியை மலைக்கும் போட்டுவிட்டு மறுநாள் மாற்றிச் சொன்னால், அதை நம்பி வத்தலக்குண்டு போய் வாங்காமல் இருந்தவரின் ஒரு நாள் மருந்து போய்விடுகிறது.

இன்னும் சில. இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் கைப்பேசி ஒன்றுதான். அது மகன் கையில் இருக்கும்போது தாயின் மருந்துப் பெயரோ மருமகளின் கர்ப்பப் பரிசோதனைப் பொருளோ பூட்டிய திரைமேல் வந்து நிற்கக்கூடாது. "உங்கள் பொருள் கிளம்பிவிட்டது" என்பது போதும். தமிழில் எழுத்துக்கு மேலே சுழியும் கீழே காலும் உண்டு. ஆங்கிலத்தின் வரி உயரத்தில் தமிழை அடைத்தால் அவை வெட்டுப்படும். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பொத்தானின் சொல் பாதியில் நின்றுவிடும். டிஜிட்டல் வசதிகளை எட்டுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று கூறியிருக்கிறது. கண் மங்கியவர்களுக்காகக் கேட்பதைச் சலுகையாக யாரும் எண்ணவேண்டாம். அப்புறம் சிக்னல். மூடுபனி நாளில் பணம் கட்டும் நேரத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும்போது, பணம் போய்விட்டதா இல்லையா என்று ஒரே வரியில் செயலி சொல்லவேண்டும். கூடையில் போட்டவை அழியாமல் இருக்கவேண்டும். இணையம் இல்லாவிட்டால் குறுஞ்செய்தியிலோ தொலைபேசியிலோ ஆர்டரை முடிக்க ஒரு வழி வேண்டும்.

கடிதம் எழுதிய பெண்ணுக்கு ஓர் அழைப்பு. உங்கள் குழுவோடு இங்கே வாருங்கள். பெருநகரத்தின் வேகமான இணையத்தில், விலை உயர்ந்த கைப்பேசியில், முப்பது வயதுக்காரர்களை வைத்துச் சோதித்தது போதாது. பல்கலைக்கழக மாணவியரைத் துணைக்குக் கேளுங்கள். தமிழும் கணினியும் அறிந்த, தங்கள் வீட்டில் பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துப் பழகிய பெண்கள் அவர்கள். வில்பட்டியிலும் பள்ளங்கியிலும் நான்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், பெரியவர்கள் உங்கள் செயலியில் தங்கள் மருந்தை வாங்குவதைப் பாருங்கள். என் பெரியம்மா வீட்டில் காபி உண்டு.

வாசகர்களிடமும் கேட்கிறேன். செயலியில் மருந்து வாங்கியதில் உங்களுக்கு எது எளிதாக இருந்தது, எங்கே நின்றுபோனீர்கள், எந்தப் பெயரை எந்தப் பெயரோடு குழப்பிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். நிறுவனத்தின் பெயரைவிடத் திரையில் என்ன இருந்தது என்பது முக்கியம். எழுத முடியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வரும் கடிதங்களைத் தொகுத்து அந்தக் குழுவுக்கு அனுப்பி வைப்போம். அவர்கள் தரும் பதிலையும் வெளியிடுவோம்.

மழைக்காலம் நெருங்குகிறது. மலையில் இருக்கும் வாசகர்கள் தினமும் சாப்பிடும் மாத்திரையில் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இப்போதே வாங்கி வையுங்கள், மருத்துவர் சீட்டின் படத்தைக் கைப்பேசியிலும் ஒரு நகலைக் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பிய்க்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பெரியம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்